பிள்ளைகளுக்காகப் படம் பார்ப்பவர்

பிள்ளைகளுக்காகப் படம் பார்ப்பவர் என்றொரு பிறவி நம்மிடையே உண்டு. பிள்ளைகளோடு பாயில் குந்தியிருந்து, அவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்து, அவர்களுடைய முறுக்கில் பாதியை அவர்களுக்குத் தெரியாமல் தின்று முடிக்கிற சாதாரண மனிதரை நான் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முயல் பேசுகிற, கரடி பாடுகிற ஒரு கார்ட்டூன் படத்தைக் கொலை வழக்கு விசாரிக்கும் நீதவானின் முகத்தோடு முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்து, பிறகு வெளியே வந்து, “ம்ஹும், பிள்ளையளுக்குச் சரிவராது” என்று தீர்ப்புச் சொல்கிறாரே, அவரைச் சொல்கிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெரு ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். றிமோட் எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். படம் தொடங்கும் முன்பே பெருவிரல் நிறுத்தும் பொத்தானின் மேல் ஏறிவிடும். படத்தில் ஒரு அணிலும் இன்னொரு அணிலும் மூக்கோடு மூக்கை உரசினால் “நிப்பாட்டு!” என்று தனக்குத்தானே கட்டளையிட்டு நிறுத்துவார். பிறகு அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் இன்னொருமுறை. சந்தேகம் இலேசில் தீராது. பிள்ளைகளுடைய நன்மைக்காக அந்த மனிதர் அந்த மூக்குரசலை எத்தனை தரம் சகித்துக்கொள்கிறார் என்பதை நினைத்தால் நமக்கே மனம் உருகும்.

இவருக்குச் சில விதிகள் உண்டு. தனக்குச் சிரிப்பு வந்தால் அந்தப் படத்தில் ஏதோ ஒரு விஷயம் பெரியவர்களுக்கென்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே கூடாது. தனக்கு அழுகை வந்தால் பிஞ்சு மனம் தாங்காது, ஆகவே கூடாது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை என்றால்? பிள்ளைகளுக்கு விளங்காது, ஆகவே வீண். இந்த மூன்று வாசலையும் தாண்டி ஒரு படம் வெளியே வந்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை.

இது ஏதோ ஒரு சமயத்தாருக்கோ ஒரு பகுதியாருக்கோ உரிய குணம் என்று எண்ணிவிடாதீர்கள். குருநகரில் எனக்குத் தெரிந்த அடைக்கலநாதன் என்பவர், மீன்கள் பேசுகிற படம் ஒன்றைத் தேவாலயப் பங்குப் பிள்ளைகளுக்குக் காட்டவிடாமல் தடுத்தார். காரணம் கேட்டேன்.

“படத்திலை வில்லன் ஆர் தெரியுமோ? வலை போடுறவன்! இஞ்சை இருக்கிற பிள்ளையள் எல்லாற்ரை தகப்பனும் வலை போடுறவன். உதைப் பாத்திட்டுப் பிள்ளையள் பின்னேரம் கடலாலை வாற தகப்பனை எப்பிடிப் பாக்குங்கள், சொல்லும் பாப்பம்?”

அவர் சொல்வதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் இரகசியமாக அந்தப் படத்தைப் பார்த்துவிட்ட ஒரு சின்னப்பெண் மத்தியானம் தட்டில் கிடந்த சூடை மீனைக் காட்டி, “உதுக்கு அம்மா இருக்கோ?” என்று கேட்டதும், அந்தக் குடும்பம் இரண்டு நாள் பருப்போடு காலம் தள்ளியதும் உண்மை. ஆனால் அதே அடைக்கலநாதன்தான் வேதசாட்சியின் தலையை வெட்டுகிற நாட்டுக்கூத்தில் பல வருடமாக வெட்டுகிறவராக நடிக்கிறார். முன்வரிசையில் இருக்கிற குஞ்சுகுருமான் எல்லாம் தன்னைப் பார்த்து அலறவில்லையென்றால் அன்றைக்கு நடிப்புச் சரியில்லை என்று கவலைப்படுவார்.

சரி, அவரை விடுங்கள். நான் சொல்ல வந்தது எங்கள் ஊர்த் தில்லைநாதன் அண்ணையைப் பற்றி.

பண்டத்தரிப்புப் பக்கம் எங்கள் ஊர். வெங்காயம், புகையிலை, ஒரு பிள்ளையார் கோவில், ஒரு சனசமூக நிலையம். தில்லைநாதன் அண்ணை கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். அந்தக் காலத்தில் சங்கக் கடைக்கு அரிசி மூட்டை வந்து இறங்கினால் முதல் பிடியை அவர்தான் எடுப்பார். உள்ளங்கையில் வைத்து ஊதி, மணந்து, நாலு அரிசியை வாயில் போட்டுக் கடித்து, கண்ணை மூடி யோசித்து, “ம்” என்றால்தான் மூட்டை பிரியும். இளைப்பாறியபின் அரிசி போய்விட்டது; கடித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அவர் சனசமூக நிலையத்தின் தலைவரானார். நான் செயலாளர். தலைவர் பேசும்போது தலையாட்டுவதும் அவர் மறந்த பெயர்களை எடுத்துக் கொடுப்பதும் என் கடமைகள்.

நிலையத்தின் முன்பள்ளியில் படிப்பிப்பவர் தர்சினி ரீச்சர். சின்ன உருவம், மெல்லிய குரல், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடாத பெண். ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, மாதத்தில் முதலாம் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் ஒரு படம் காட்ட வேண்டும் என்றார்.

“வீட்டிலை ஒவ்வொண்டும் ஒவ்வொரு போனுக்குள்ளை தலையை வைச்சுக்கொண்டு தனித்தனியத்தான் இருக்குதுகள், ஐயா. பக்கத்திலை இருக்கிற பிள்ளை சிரிக்கேக்கை தானும் சேந்து சிரிக்கிறது எப்பிடி எண்டே இதுகளுக்குத் தெரியாது. ஒருக்காச் சேத்து இருத்திப் பாப்பம்.”

நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் உத்தரத்தைப் பார்த்தார்.

“நல்ல விஷயம்தான், பிள்ளை. ஆனால் படம் எண்டு வந்தால் நான் ஒருக்காப் பாக்க வேணும்.”

பார்த்தோம். ஒரு பின்னேரம் அவருடைய வீட்டு விறாந்தையில் நாங்கள் நாலு பேர்: அவர், நான், தர்சினி ரீச்சர், அடிக்கடி தேத்தண்ணியோடு வந்து போன அவருடைய மனைவி பூரணம் அக்கா. படம் ஒரு முள்ளம்பன்றிக் குட்டியைப் பற்றியது. எங்கேயோ வெளிநாட்டில் கார்ட்டூனாகக் கீறி, சென்னையில் தமிழ்க் குரல் கொடுத்திருந்தார்கள். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த குட்டி, ஒற்றைக்கண் ஆந்தை ஒன்றின் துணையோடு காடெல்லாம் அலைந்து, ஒரு நரியிடமிருந்து தப்பி, கடைசியில் தாயோடு சேர்கிறது. அவ்வளவுதான் கதை. இதில் என்ன பிழை கண்டுபிடிக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்களுக்கு அனுபவம் போதாது.

படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அண்ணை நிறுத்தினார்.

“தகப்பன் எங்கை?”

“தகப்பனைக் காட்டேல்லை, ஐயா.”

“ஏன் காட்டேல்லை? தகப்பன் இல்லாத குடும்பமெண்டு பிள்ளையள் என்ன நினைக்குங்கள்?”

“கனடாவிலையாக்கும்,” என்றார் பூரணம் அக்கா, வடைத் தட்டை வைத்துக்கொண்டே. “எங்கடை ஒழுங்கையிலை பாதித் தகப்பன்மார் அங்கைதானே. பிள்ளையளுக்கு நல்லா விளங்கும்.”

அண்ணை அதைக் காதில் விழுத்தவில்லை. படம் ஓடியது. ஆந்தை வந்தது. நிறுத்தினார். விடியக் காலமை பிள்ளைகளை ஆந்தை முகத்திலா முழிக்க வைப்பது? ஓடியது. நரி வந்தது. நிறுத்தினார். நரி மேலே கோட்டுப் போட்டிருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. இது என்ன பழக்கம்? ஓடியது. நரி பேசியது. நிறுத்தினார்.

“உந்த நரி கதைக்கிற தமிழைக் கேட்டியளோ? உதை ரெண்டு தரம் கேட்டால் எங்கடை பிள்ளையளும் ‘வர்றேன், போறேன்’ எண்டு வெளிக்கிட்டிடுங்கள். நரி கெட்டதாய் இருக்கலாம், அது பரவாயில்லை. ஆனால் கெட்ட நரியெண்டாலும் ஒழுங்காக் கதைக்க வேணுமெல்லோ?”

நான் தலையாட்டினேன். கடமை.

பிறகு ஒரு இடத்தில், முள்ளம்பன்றிக் குட்டி, ஆந்தையின் வாலை இலையென்று நினைத்துக் கடித்துவிட, அண்ணை “ஹா!” என்று பெரிதாகச் சிரித்துவிட்டார். சிரித்த வாயை அப்படியே கையால் பொத்தி, எங்களை ஒருமுறை பார்த்து, “இதிலை ஏதோ உள்குத்து இருக்கு” என்றார். வெள்ளத்தில் தாய் போகிற இடத்தில் நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமலே எங்களுக்குத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தேத்தண்ணிக் கோப்பையின் சத்தத்தோடு சேர்ந்து வந்தது. கடைசியில் தாயும் குட்டியும் சேர்ந்தபோது சால்வையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு, “விறாந்தையிலை சரியான தூசி” என்று பூரணம் அக்காவைப் பார்த்துக் குறைசொன்னார்.

“அப்ப பிள்ளையளுக்குக் காட்டலாமோ, ஐயா?” தர்சினி ரீச்சர் கேட்டார்.

“எனக்கெண்டால் ஒண்டுமில்லை, பிள்ளை. நான் எவ்வளவைக் கண்டவன். ஆனால் பிள்ளையள்?” கண்ணாடியைக் கழற்றினார். “வெள்ளத்திலை தாய் போற இடம் கூடாது. நரி துரத்துற இடம் கூடாது. ஆந்தை மரத்தாலை விழுற இடம் கூடாது.”

“சூரன்போருக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறனாங்கள்தானே, ஐயா?”

இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல்! ஏனென்றால் போன சூரன்போரன்று, தன் பேத்தி ஆரபியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சனத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனவர் யார்? “வடிவாப் பார், குஞ்சு, இப்ப தலை விழப்போகுது, இந்தா, இந்தா, விழுந்திட்டுது!” என்று துள்ளியவர் யார்? நாலு வயதுப் பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“அது பக்தி,” என்றார் அண்ணை.

“பின்னேரம் உங்களோடை இருந்து நாடகம் பாக்கிறதோ?” உள்ளேயிருந்து பூரணம் அக்காவின் குரல் வந்தது. “மாமிக்காறி மருமேளின்ரை பாலுக்கை நஞ்சைக் கலக்கிறாள், உவள் ஆரபி உங்கடை மடியிலை இருந்துகொண்டு ‘குடியாதை, குடியாதை’ எண்டு ரீவியைப் பாத்துக் கத்துறாள். நேற்று நான் பால் குடுக்க என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாள்.”

“அது நாடகம். இது படம். ரெண்டும் வேறை,” என்று அண்ணை சொன்னார். எப்படி வேறு என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

நீண்ட யோசனைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. படம் காட்டலாம். ஆனால் அந்த மூன்று இடமும் மறைக்கப்பட வேண்டும். அத்தோடு ஒரு நிபந்தனை: மண்டபத்தில் ஒரு பிள்ளை அழுதாலும் அன்றோடு படம் காட்டும் கதை முடிந்தது. மாதப் படமும் இல்லை, வருடப் படமும் இல்லை.

தர்சினி ரீச்சரின் முகம் வாடிவிட்டது. நாலு வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு மண்டபத்தில் இருத்தி, ஒருவரும் அழாமல் எழுப்பிவிட இந்த உலகத்தில் யாரால் முடியும்? சப்பாத்துக் கடித்தாலே அழுகிறவர்கள். ஆனால் வேறு மண்டபம் இல்லை. வேறு தலைவரும் இல்லை. “ஓம், ஐயா” என்றுவிட்டுப் போனார். வாசல் படலைவரை போய்த் திரும்பிப் பார்த்து, என்னிடம் மெதுவாக, “இதுகள் ஒருக்காச் சேந்திருந்து சிரிச்சால் காணும், அண்ணை” என்றார். அதற்குமேல் அந்தப் பெண் எதையும் கேட்கவில்லை.

இனி, மறைக்கிற விஷயம். புரொஜெக்ரரோடு வருகிற சுபாங்கன், கலியாண வீடுகளில் படம் போட்டுப் பழகிய பொடியன், அந்த இடங்களைக் கொம்பியூட்டரிலேயே தாண்டிவிடலாம், ஒரு பொத்தான்தான் வேலை என்றான்.

“பொத்தானை நம்பேலாது, தம்பி. நான் நேரை நிண்டு மறைக்கிறன்.”

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லத்தான் வேண்டும். ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி, முற்றத்தில் பாய் விரித்து, ஊரோடு கூடிப் படம் பார்த்த காலம் ஒன்று இங்கே இருந்தது. காதலனும் காதலியும் மழையில் நனையத் தொடங்கினால் ஒரு பொறுப்பான ஆள் எழுந்து போய், தோளில் கிடக்கிற சால்வையை ரீவிக்கு முன்னால் விரித்துப் பிடிப்பார். பாட்டு மட்டும் கேட்கும். மழை விட்டபிறகு சால்வையை எடுப்பார். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பான ஆள் தில்லைநாதன் அண்ணைதான். எங்கள் தலைமுறை ஒழுக்கமாக வளர்ந்தது அந்தச் சால்வையால்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்து யன்னல்களுக்கு வெங்காயச் சாக்கும் பூரணம் அக்காவின் பழைய சேலைகளும் கட்டி இருட்டாக்கியிருந்தோம். முன்சுவரில் வெள்ளை வேட்டி ஒன்று திரையாகத் தொங்கியது. பாயில் பிள்ளைகள், பின்னால் மர வாங்குகளில் தாய்மார், பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நடுவில் ஒரு மேசையில் புரொஜெக்ரர். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டும் இடித்துக்கொண்டும் கலகலவென்று இருந்தார்கள். பார்க்கவே சந்தோசமாக இருந்தது.

அண்ணை எழுந்தார். ஒரு சிறு உரை இல்லாமல் எங்கள் மண்டபத்தில் மின்விசிறியைக்கூடப் போடமாட்டோம்.

“பிள்ளையள், இண்டைக்கு ஒரு படம் பாக்கப்போறியள். ஒருத்தரும் பயப்பிடக்கூடாது. நரி வரும். வெள்ளம் வரும். தாய் காணாமல் போகும். ஆனால் பயப்பிடக்கூடாது. நான் இருக்கிறன். பயமான இடம் வந்தால் நான் எழும்பி மறைப்பன். நான் எழும்பினால் பயமான இடம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.”

அதுவரை பயம் என்ற ஒன்று உண்டென்பதே நினைவில்லாமல் இருந்த இருபது பிள்ளைகளும் கிள்ளுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தார்கள். இரண்டொரு பிள்ளைகள் திரும்பித் தாயைத் தேடினார்கள். தர்சினி ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

படம் தொடங்கியது. முள்ளம்பன்றிக் குட்டி தூக்கத்தில் உருண்டு தாயின் மேல் விழுந்து, முள்ளுக் குத்தித் தாய் துள்ளியபோது, பாயிலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பக்கத்துப் பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது. பிறகு பாய் முழுவதும். நான் தர்சினி ரீச்சரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை; பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வானம் கறுத்தது. மழை. ஆறு பெருகியது. தில்லைநாதன் அண்ணை எழுந்தார்.

நேரே மேசைக்கு முன்னால் வந்து, புரொஜெக்ரரிலிருந்து ஒரு கதிரைத் தூரத்தில், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தபடி திரைக்கு முதுகுகாட்டி நிற்கத்தான் நினைத்தார். ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அவருடைய முதுகுக்குப் பின்னால் பாயில் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது தாய்மாரின் முகங்கள் மட்டும்தான். சால்வையின் இரண்டு நுனியையும் பிடித்து, இரண்டு கையையும் அகல விரித்து உயர்த்தினார்.

ரீவிக்கு முன்னால் சால்வை பிடித்தால் ரீவி மறையும். புரொஜெக்ரருக்கு முன்னால் பிடித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுபாங்கனுக்குக் கட்டாயம் தெரியும். ஆனால் அவன் போனில் இருந்தான்.

திரையில், வெள்ளத்துக்கு நடுவில், கூரையை முட்டும் உயரத்தில், இரண்டு கறுத்த சிறகுகளை விரித்துக்கொண்டு ஒரு உருவம் எழுந்தது. தாய் முள்ளம்பன்றியைக் காணவில்லை. அதன் அழுகுரல் மட்டும் கேட்டது. அந்தக் கரிய பூதம் தாயை விழுங்கிவிட்டது என்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

“பேய்!” என்றொரு அலறல். அது ஆரபி. பாலுக்குள் நஞ்சு கலப்பதைப் பார்த்தவள். சூரன் தலை விழக் கைதட்டியவள்.

உடனே இருபது பிள்ளைகளும் ஒரே குரலில் தொடங்கினார்கள். சேர்ந்து சிரிக்கப் பழகிய சூட்டோடேயே சேர்ந்து அழவும் பழகிக்கொண்டார்கள். தாய்மார் எழும்ப, வாங்கு ஒன்று சரிந்தது.

அண்ணைக்கு விளங்கிவிட்டது: சால்வைக்கு வெளியால் படம் கசிகிறது! கையை இன்னும் அகல விரித்தார். குதிக்காலை உயர்த்தினார். பூதம் வளர்ந்தது. அழுகை கூடியது. வெளிச்சத்துக்கு இன்னும் கிட்டப் போய் மறைத்தால் நல்லது என்று ஓரடி முன்வைத்து மேசையோடு ஒட்டினார். பூதம் சுவரையும் தாண்டிக் கூரைக்கு ஏறியது. “பாக்காதேங்கோ, பிள்ளையள்! பாக்காதேங்கோ!” என்று கத்தினார். பூதத்தின் சிறகுகள் படபடத்தன. இவ்வளவுக்கும் பிறகுதான், அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று பார்க்க அவர் திரைப்பக்கம் திரும்பினார்.

கண்டார். “ஐயோ!” என்று துள்ளினார். அதுவும் துள்ளியது.

“இஞ்சேருங்கோ!” பின் வாங்கிலிருந்து பூரணம் அக்கா போட்ட சத்தத்தில் யன்னல் சாக்கு ஒன்று கழன்று விழுந்தது. “அது நீங்கள்தான்! இருங்கோ அப்பிடியே!”

மண்டபத்துக்குள் வெயில் வந்தது. பூதம் மறைந்தது. மேசைக்கு முன்னால் சால்வையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு வயதான மனிதர் நின்றார். பிள்ளைகள் அவரையும் வேட்டித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அழுகை விக்கலாகக் குறைந்தது. சுபாங்கன் படத்தை நிறுத்திவிட்டான்.

ஒரு பிள்ளை அழுதாலும் கதை முடிந்தது என்பது நிபந்தனை. இங்கே ஒரு பிள்ளையும் அழாமல் விடவில்லை. தர்சினி ரீச்சர் ஒரு மூலையில் நின்று சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணை தொண்டையைச் செருமினார். இப்படிப்பட்ட நேரத்தில் உங்களையும் என்னையும் போன்றவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இந்தப் பிறவி அப்படியல்ல.

“பாத்தியளோ?” என்றார், தாய்மாரைப் பார்த்து. “மறைச்சும் இவ்வளவு பயம். மறைக்காட்டில் என்ன நடந்திருக்கும், யோசிச்சுப் பாருங்கோ! நான் அண்டைக்கே சொன்னனான், அந்த இடம் பிள்ளையளுக்குச் சரிவராது எண்டு. ரீச்சர், நிபந்தனை நிபந்தனைதானே?”

தர்சினி ரீச்சர் மூலையை விட்டு வந்தார். அண்ணையோடு வாதாடவில்லை. பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் குந்தினார்.

“பிள்ளையள், என்னத்துக்கு அழுதனீங்கள்?”

“கறுத்த பேய்!” என்றார்கள் எல்லோரும்.

“வெள்ளத்துக்குப் பயந்தனீங்களோ?”

பிள்ளைகள் யோசித்தார்கள். “வெள்ளத்தை ஒழுங்காய்க் காட்டேல்லை,” என்றாள் ஆரபி, முறைப்பாடாக. “முள்ளம்பண்டி அம்மா எங்கை போனவ?”

“தெரியாது. பாப்பமோ?”

“ஓம்!” மண்டபம் அதிர்ந்தது.

தாய்மாரும் “ஓம்” என்றதை நான் கேட்டேன். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், ஆனால் இந்தமுறை ரீச்சரைப் பார்த்து ஆட்டினேன். சாக்கை மறுபடி கட்டினோம். பூரணம் அக்கா எழுந்து வந்து, கணவரின் கையிலிருந்த சால்வையை வாங்கி, நாலாக மடித்து, தன் வாங்கில் வைத்து, அதன்மேல் இருந்துகொண்டார்.

வெள்ளம் முழுதாக வந்தது. தாய் ஒரு மரக்கிளையைப் பற்றிக்கொண்டு அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். ஒரு பிள்ளை, “பிடிச்சிட்டா, பிடிச்சிட்டா” என்று மற்றப் பிள்ளைக்கு ஆறுதல் சொன்னது. அவ்வளவுதான். ஒரு துளி கண்ணீர் இல்லை.

நரி வருவதற்கான வாத்தியம் தொடங்கியபோது, ஆரபி பாயை விட்டு எழுந்து போய் அண்ணையின் மடியில் ஏறினாள். பாவம், பயந்துவிட்டது என்று அவர் நினைத்திருப்பார், உடனே அணைத்துக்கொண்டார். அவளோ திரும்பி, தன் இரண்டு சின்னக் கையாலும் அவருடைய கண்ணாடிக்கு மேலால் கண்களைப் பொத்தினாள்.

“அப்பப்பா, நீங்கள் பாக்காதேங்கோ. பயந்திடுவியள். நரி போனாப்பிறகு சொல்லுறன்.”

தாய்மார் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் என்னவென்று சொல்வேன்! அண்ணை அந்தச் சின்ன விரல்களின் இடுக்கால் நரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட தமிழ் பேசுகிற, காற்சட்டை போடாத அதே நரி. அது சேற்றுக்குள் தலைகீழாக விழுந்தபோது மண்டபத்தில் முதலில் வெடித்த “ஹா!” அவருடையது. இந்தமுறை வாயைப் பொத்தக் கை ஒழியவில்லை. கையில் பேத்தி இருந்தாள். கடைசியில் தாயும் குட்டியும் சேர்ந்தபோது அவருடைய தோள் குலுங்கியது. சால்வை பூரணம் அக்காவுக்குக் கீழே இருந்ததால் ஆரபி தன் சட்டை விளிம்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அந்த நேரம் எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய அன்பு வந்தது.

படம் முடிந்து பிள்ளைகள் நரியைப்போல் விழுந்து விழுந்து விளையாடினார்கள். வாசலில் தர்சினி ரீச்சர் தீர்ப்புக்காகக் காத்து நின்றார். அண்ணை செருப்பைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

“அடுத்த மாசம் என்ன படம், ரீச்சர்?”

ரீச்சரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “இன்னும் யோசிக்கேல்லை, ஐயா.”

“எதெண்டாலும் எனக்கு முதலிலை காட்ட வேணும்.”

“ஓம், ஐயா.”

அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆரபி நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு அதுக்கும் முதலிலை காட்டுங்கோ, ரீச்சர். அப்பப்பாவுக்குச் சரிவருமோ எண்டு நான் பாக்க வேணும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்குச் சந்தோசம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இதை வாசித்துக்கொண்டு வரும்போது, பேய் வருகிறது, நஞ்சு வருகிறது, சூரனின் தலை வேறு விழுகிறது, வீட்டிலிருக்கிற சின்னதுக்கு இதை வாசித்துக் காட்டலாமா, அல்லது அந்தந்த இடங்களைத் தாண்டி வாசிக்கலாமா என்று உங்கள் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டதா, இல்லையா? போட்டிருந்தால் வருகிற முதலாம் சனிக்கிழமை எங்கள் மண்டபத்துக்கு வாருங்கள். தில்லைநாதன் அண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கிறது. உங்கள் கண்ணைப் பொத்துவதற்கும் ஒரு பிள்ளையை ஒழுங்குபண்ணித் தருகிறோம்.